மகள் சொன்ன ‘நாம’

சாமான் லாரி நாளைக் காலை வந்துவிடும் என்று துறைமுகத்து ஏஜென்ட் ஃபோனில் சொன்னபோது பெரியவன் தம்பியின் கடையில் நின்றுகொண்டிருந்தான். கடை என்றால் தனிக்கடை இல்லை. வீட்டின் முன்னறைதான் கடை. கதவு கழற்றிய ஃபிரிட்ஜ்கள் சுவரோரமாக வரிசைகட்டி நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் உடையவரின் நம்பர். சின்னவன் தரையில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“யாருண்ணா ஃபோன்ல?”

“தெரிஞ்சவர்.”

சொல்லிவிட்டு ஃபோனைச் சட்டைப்பையில் போட்டான். அது நெஞ்சின் மேல் சூடாக இருந்தது.

வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக்காக இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன் பெரியவன். இப்போது வேலையை விட்டு, வாடகை வீட்டைக் காலிசெய்து, கட்டிலிலிருந்து கரண்டி வரை கப்பலில் ஏற்றிவிட்டு, மனைவியோடும் மகளோடும் ஒரேயடியாகத் திரும்பி வந்திருந்தான். அந்த ‘ஒரேயடியாக’ தம்பிக்குத் தெரியாது. அண்ணன் லீவுக்கு வந்திருக்கிறான் என்றுதான் அவன் இருந்தான்.

வீடு பெரியவன் பேரில் இருந்தது. அப்பா அப்படி எழுதிவிட்டுப் போனார். சின்னவனுக்கு வேறு ஒரு மனை கொடுத்திருந்தார். அதை அவன் அப்பாவின் வைத்தியத்துக்கே விற்றுவிட்டான். அதன் பிறகு அண்ணன் வரும் வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன் என்று இங்கே தங்கினான், கடை வைத்தான், கல்யாணம் செய்துகொண்டான். அண்ணன் எப்போது வருவான் என்று அவன் கேட்கவில்லை. எப்போது வருவேன் என்று இவனும் சொல்லவில்லை.

அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பு மனைவி கேட்டாள். “வீடு நமக்கு வேணும்னு தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“சரின்னான்.”

ஃபோனை எடுத்ததும் உண்மை, நம்பரைப் போட்டதும் உண்மை. தம்பி “அண்ணா!” என்று கத்தியதும் இவன் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டான். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். நேரில் வந்த பிறகு நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனான். இனித் தள்ளுவதற்கு நாளை இல்லை. நாளை லாரி.

சின்னவன் எழுந்து கையைத் துடைத்தான். “ஆஸ்பத்திரிய சுத்திப் பார்த்தியாண்ணா? இது ஐ.சி.யு. அந்த மூலையில நிக்குதே, அது பிரேதக் கொட்டகை. உடையவன் வந்து அடையாளம் காட்டணும். ஃபோன் போட்டா எடுக்க மாட்டேங்கறான்.”

பெரியவன் சிரித்தான். சிரித்த வாயோடு சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“டேய், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“இந்த ரூம்ல காலையில நல்லா வெயில் வரும், இல்ல?”

“இப்பவும் வருது. ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி வருது. பாவம், அதுங்களுக்குத்தான் குளிருது.”

பெரியவன் ஜன்னலைப் பார்த்தான். பாதி ஜன்னல்தான் தெரிந்தது. அங்கே லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலைசெய்யும்போதெல்லாம் மனசுக்குள் இந்த வீட்டில் நடந்துகொண்டிருப்பான். முன்னறை, ஜன்னல், நடை, பின்கட்டு, கிணற்றடி, மறுபடி முன்னறை. அந்த நடைதான் அவனை அங்கே பைத்தியம் பிடிக்காமல் வைத்திருந்தது. அப்படி நடந்த வீட்டில் ஆள் யாருமே இருக்க மாட்டார்கள். அதை அவன் கவனித்ததே இல்லை.

*

சாயங்காலம் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். பெரியவன் உள்ளறையில் படுத்தபடி, தம்பிக்குச் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தான். ‘வீடு வேணும்’ என்று ஆரம்பித்தால் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ‘நீ எங்க போறதா உத்தேசம்’ என்று ஆரம்பித்தால் அதைவிடக் கேவலமாக இருந்தது.

நடையில் மகளும் தம்பி மனைவியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் படிப்பு முடித்தவள், கணீரென்று பேசுவாள். தம்பி மனைவி எதையும் நேராகக் கேட்க மாட்டாள், பக்கத்தில் போய்த் தட்டிப் பார்ப்பாள்.

“லீவு எப்பம்மா முடியுது? ஊருக்குப் போனா சித்திய ஞாபகம் வச்சிருப்பியா?”

“ஊருக்கா? இல்ல சித்தி. நாம இனிமே இந்த வீட்லதான் இருக்கப் போறோம். சாமான் எல்லாம் கப்பல்ல வந்துட்டிருக்கு.”

டம்ளர் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“நாமளா?”

“ஆமா, நாமதான். அப்பா சொல்லலையா?”

பிறகு தம்பி மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

“ஏன் சித்தி அழறீங்க?”

“அழல. டீ சூடு.” பிறகு கடைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “ஏங்க, இங்க வாங்களேன். பாப்பா என்ன சொல்றா கேளுங்க. எல்லாரும் ஒண்ணா இங்கயே இருக்கப் போறோமாம்!”

பெரியவன் எழுந்து உட்கார்ந்தான். மகள் என்ன சொல்ல வந்தாள் என்று அவனுக்குத் தெரியும். ‘நாங்க’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நாம’ என்று சொல்லிவிட்டாள். ‘நாங்க’ என்றால் கேட்கிறவள் வெளியே. ‘நாம’ என்றால் கேட்கிறவளும் உள்ளே. ஒரு எழுத்தில் சித்தியை வீட்டுக்குள் இழுத்து உட்காரவைத்துவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அங்கே அவர்கள் மூன்றே பேர். தமிழ் பேசினால் அந்த மூன்று பேருக்குள்தான் பேசினார்கள். நாம சாப்பிடலாம், நாம கிளம்பலாம், நாம எப்ப ஊருக்குப் போவோம். ‘நாங்க’ என்று சொல்வதற்கு, வெளியே நின்று கேட்கிற ஒரு தமிழ்க்காது வேண்டும். அது அங்கே இல்லை. அந்தச் சொல்லே அவள் வாய்க்கு வந்து சேரவில்லை.

இப்போது எழுந்துபோய், ‘அவ தப்பா சொல்லிட்டா’ என்று சொன்னால் போதும். கட்டிலிலிருந்து நடைக்கு நாலு எட்டு.

லிஃப்ட் நடுமாடியில் நின்றுபோனால் முதல் வேலை கதவைத் திறப்பதில்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு பேச்சுக் கொடுப்பதுதான். மெக்கானிக் பேசாமல் இருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டிவிடும். கர்ப்பிணிகளோடு, குடிகாரர்களோடு, அரைகுறையாகக் கற்ற பாஷையில் அவன் மணிக்கணக்கில் பேசியிருக்கிறான். அதற்காகவே கம்பெனியில் அவனைத் தேடி அனுப்புவார்கள். இப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

சின்னவன் ஈரக்கையோடு உள்ளறை வாசலில் வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

“கல்லுளிமங்கா! இத்தனை நாளா வாயத் தொறந்தியா?”

பெரியவன் சிரித்த மாதிரி எதையோ செய்தான்.

*

மறுநாள் காலை மனைவி சமையலறையிலிருந்து நேராக அவனிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் குரலைத் தாழ்த்தினால் விஷயம் பெரிது.

“உங்க தம்பி பொண்டாட்டி எனக்குன்னு ஒரு அலமாரி ஒழிச்சு வச்சிருக்கா. மேல் தட்டு எனக்காம், கீழ் தட்டு அவளுக்காம். எதுக்கு?”

“பாசமா செஞ்சிருப்பா.”

“வீட்ட காலி பண்றவங்க எதுக்குங்க அலமாரிய பாகம் பிரிக்கணும்? இன்னும் ஒரு பெட்டிகூட கட்டல.”

“கட்டுவாங்க. அவசரப்படாத.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எல்லா வருஷங்களும் அவர்கள் பங்கு வீடுகளில்தான் இருந்தார்கள். ஒரே சமையலறையில் மூன்று குடும்பம், மூன்று பாஷை. பால் பாக்கெட்டில் பேர் எழுதி ஒட்ட வேண்டும். அடுப்பு காலியாகும் வரை வாசலில் பாத்திரத்தோடு நிற்க வேண்டும். ஒருநாள் அவள் வைத்த குழம்பை யாரோ சாக்கடையில் கொட்டிவிட்டு, வாசனை பிடிக்கவில்லை என்று சீட்டு எழுதிவைத்திருந்தார்கள். அன்று அவள் அழவில்லை. சீட்டை எட்டாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஊரும் இல்லை, ஏக்கமும் இல்லை. தனி அடுப்பு வேண்டும், அவ்வளவுதான்.

“லாரி வந்தா கட்டில எங்க போடறது?” என்றாள்.

“பார்த்துக்கலாம்.”

கடையிலிருந்து சின்னவன் கூப்பிட்டான். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு போனான். அது நல்லவேளையாக இல்லை.

சின்னவன் ஒரு ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தான். “பிரேதத்தையெல்லாம் பின்கட்டுக்கு மாத்தறேன். பாதி ரூம் காலியாயிடும். உங்க கட்டில் இங்க, என் கடை அங்க. நடுவுல ஒரு தட்டி. எப்படி?”

“நல்லா இருக்கு.”

“உங்கிட்ட சொல்றதுக்கென்ன.” சின்னவன் ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டான். “நீ வந்து இறங்கினப்ப உங்க பெட்டிங்களோட கனத்தப் பார்த்தே எனக்குச் சந்தேகம். லீவுக்கு வர்றவன் குக்கர் கொண்டுவருவானா? அண்ணன் ஒரேயடியா வந்துட்டான், சொல்ல வாய் வரல, நாமளே மரியாதையா கிளம்பிடலாம்னு பஸ் டிப்போ பின்னாடி ஒரு இடம் பார்த்துப் பேசி வச்சிருந்தேன். முன்னாடி ஷட்டர் போட்ட ரூம், பின்னாடி குடும்பம் இருக்கலாம். இவளுக்குக்கூட முழுசா சொல்லல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? நேத்து பாப்பா சொன்னதும் ஃபோன் போட்டு வேணாம்னுட்டேன். அந்தாளு திட்டினான். திட்டட்டும். எனக்குத்தான் வெக்கமாயிடுச்சு. எங்கண்ணனப் போய் அப்படி நினைச்சுட்டேனேன்னு.”

தெருவில் ஒரு பஸ் போயிற்று. ஃபிரிட்ஜ்களின் நெற்றிக் காகிதங்கள் எல்லாம் ஒருமுறை எழுந்து அடங்கின.

இப்போது சொல்ல வேண்டும். இதைவிடத் தாமதித்தால் அதற்குப் பேர் வேறு. வாயைத் திறந்தான். அதற்குள் நடையிலிருந்து மகளின் குரல் வந்தது. சித்தியோடு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அங்க நாம நாலாவது மாடியில இருந்தோம் சித்தி. அப்பா லிஃப்ட் மெக்கானிக், ஆனா நாம இருந்த பில்டிங்ல லிஃப்டே கிடையாது.”

தம்பி மனைவி கலகலவென்று சிரித்தாள். “நான் எப்பம்மா அங்க வந்தேன்?”

“நீங்க இல்ல சித்தி. நாம. அப்பா, அம்மா, நான்.”

சிரிப்பு நடுவில் நின்றது.

பெரியவன் தம்பியைப் பார்க்கவில்லை. தம்பியின் கையைப் பார்த்தான். ஃபிரிட்ஜின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

தம்பி மனைவி கடை வாசலுக்கு வந்தாள். பாதி மடித்த துணி கையிலேயே இருந்தது. புருஷனைப் பார்த்தாள், பெரியவனைப் பார்த்தாள், மறுபடி புருஷனைப் பார்த்தாள். அவள் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை. எல்லாம் எல்லாருக்கும் கேட்டிருந்தது.

“அண்ணா,” என்றான் சின்னவன். குரலில் விளையாட்டு இல்லை. “நேத்து பாப்பா நாமன்னு சொன்னா. நாங்கன்னு சொல்ல வந்தாளா?”

“அவளுக்கு வித்தியாசம் தெரியாதுடா. நாங்கதான் சொல்லிக்கொடுக்காம விட்டுட்டோம்.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கே கேட்டது.

“சரி,” என்றான் சின்னவன். “உனக்கு வித்தியாசம் தெரியுது.”

வாசலில் ஹாரன் அடித்தது. லாரியின் முகம் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றதில் முன்னறை இருட்டாயிற்று. உள்ளேயிருந்து மனைவி வேகமாக வந்தாள், கூந்தலை முடிந்துகொண்டே.

“என்ன தம்பி, ஃபிரிட்ஜெல்லாம் அப்படியே இருக்கு? லாரி வந்துடுச்சே. நீங்க எப்ப காலி பண்றதா இருக்கீங்க?”

“காலி பண்ணணும்னு எங்கிட்ட யாரும் சொல்லல அண்ணி.”

அவள் அப்படியே நின்றாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். “சொல்லிட்டேன்னீங்களே.”

பெரியவன் லாரியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சரின்னான்னு சொன்னீங்களே. என்னென்னவோ பேசினார், சந்தோஷப்பட்டார்னு அப்புறம் வேற சொன்னீங்களே!” அவள் குரல் உயரவில்லை. இன்னும் தாழ்ந்தது. “அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் நான் இந்தப் படியேறினேன். அடுத்தவங்க அடுப்ப அணைச்சுட்டு நான் என் அடுப்ப மூட்டுவேன்னு நினைச்சீங்களா? எனக்கு அத செஞ்சவங்கள எனக்குத் தெரியும்.”

“அக்கா, விடுங்க. நாங்க எங்கயாவது போயிக்கறோம்,” என்றாள் தம்பி மனைவி.

“நீ சும்மா இரும்மா. இவர் சொல்லட்டும்.” மனைவி அவன் முன்னால் வந்து நின்றாள். “எனக்கு இந்த வீடுன்னு கிடையாது. எந்தத் தெருவா இருந்தா என்ன? உங்க மகளுக்கு இது இன்னொரு வீடு, அவ்வளவுதான். அப்ப யாருக்கு வேணும் இது? இப்பவாவது வாயத் தொறந்து சொல்லுங்க.”

மகள் நடையில் நின்றிருந்தாள். தான் எதை உடைத்தோம் என்று புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வெளியே லாரி டிரைவர் இஞ்சினை அணைக்கவில்லை. தரை அதிர்ந்தது. கதவில்லாத ஃபிரிட்ஜ்களுக்குள் இருந்த கம்பித் தட்டுகள் கிடுகிடுவென்று ஆடின.

“எனக்கு,” என்றான் பெரியவன்.

அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. “எனக்குத்தான் வேணும். வேற யாருக்கும் இல்ல. அங்க இருந்த நாளெல்லாம் இத வச்சுத்தான் இருந்தேன். வந்து பார்த்தா நீ இருக்க, உன் ஃபிரிட்ஜ் இருக்கு. நீ இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு தோணிச்சு. அத எப்படிடா உங்கிட்ட சொல்றது?”

பெரியவன் தலை குனியவில்லை. குனிந்தால் சொன்னது பொய்யாகிவிடும் போல இருந்தது.

“இப்ப சொல்லிட்டியே,” என்றான் சின்னவன் கடைசியில். “இதையே நேத்து காலையில சொல்லியிருக்கலாம். எனக்குப் போக ஒரு இடம் இருந்துச்சு. உன்ன நினைச்சு அதயும் விட்டுட்டு நிக்கிறேன்.”

“சார்!” டிரைவர் வாசலில் எட்டிப் பார்த்தான். “இங்கதான இறக்கணும்? பின்னாடி பஸ்காரன் கத்தறான். சீக்கிரம் சொல்லுங்க.”

எல்லாரும் பெரியவனைப் பார்த்தார்கள். ‘இறக்கு’ என்று ஒரு சொல் சொன்னால் ஆட்கள் தார்ப்பாயை அவிழ்த்துவிடுவார்கள். கட்டில் உள்ளே வந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக நடக்கும். தம்பி எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அது பெரியவனுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் அவன் நம்பியிருந்தது அதைத்தான்.

“அந்த டிப்போ பின்னாடி இருக்கற இடம்,” என்றான். “இன்னும் காலியா இருக்குமா?”

“எதுக்கு?”

“கேளேன்.”

சின்னவன் அவனைப் பார்த்துக்கொண்டே நம்பரைப் போட்டான். மறுமுனையில் இருந்தவரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. நேற்று வேண்டாம், இன்று வேண்டும், விளையாடுகிறீர்களா, இன்னொருவர் பார்க்க வந்துகொண்டிருக்கிறார் என்றார்.

“இப்பவே சாமானோட வர்றேன்னு சொல்லு,” என்றான் பெரியவன்.

“யாரு வர்றதுன்னு சொல்ல?”

“நான்தான். இவங்களோட. நீ இங்கயே இரு.”

சின்னவன் ஃபோனைக் கையால் பொத்தினான். அண்ணன் முகத்தில் எதையோ தேடினான். கிடைத்ததா இல்லையா என்று தெரியவில்லை. “இப்ப வர்றாங்க,” என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தான்.

“சமையலறை தனியா தம்பி?” என்று கேட்டாள் மனைவி.

“தனிதான் அண்ணி. ஜன்னல்தான் கிடையாது.”

“ஜன்னல் வேணாம்.”

அவள் உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு லாரியில் முன்பக்கம் ஏறி, “பஸ் டிப்போ பின்னாடி” என்று டிரைவரிடம் சொன்னாள். புருஷனைக் கூப்பிடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. மகள் மட்டும் கதவு வழியாகத் தலையை நீட்டி, “சித்தி, நான் என்ன தப்பா சொன்னேன்?” என்று கேட்டாள். தம்பி மனைவி லாரிப் பக்கத்தில் போய் நின்றாள். “ஒண்ணும் தப்பில்லம்மா. சாயங்காலம் வா, சொல்றேன்,” என்றாள். அவள் கையிலிருந்த துணி இன்னும் பாதி மடிப்பிலேயே இருந்தது.

லாரி பின்வாங்கித் திரும்பியது. முன்னறைக்கு வெளிச்சம் திரும்ப வந்தது. பெரியவன் அங்கே ஒரு கணம் நின்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். டிப்போவுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் போனபோது இங்கே டிப்போ கிடையாது.

பின்னால் ஸ்கூட்டர் உதைபடும் சத்தம் கேட்டது. சின்னவன் பக்கத்தில் வந்து நிறுத்தினான், காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு. அண்ணனைப் பார்க்காமல் நேரே தெருவைப் பார்த்துக் கேட்டான்.

“வேணும்னியே. அது போயிடுச்சா?”

பெரியவன் யோசித்தான். ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

“இல்லடா. இன்னும் வேணும்தான்.”

சின்னவன் தலையாட்டினான். ஸ்கூட்டர் இரண்டு முறை இருமியது.

“ஏறு,” என்றான். “லாரிக்காரன் வழி மாறிப் போறான்.”